வீடியோ காலில் கைது கிடையாது, அம்மாவிடம் சொல்லுங்கள்

குன்னூரில் தனியாக இருக்கும் அம்மாவை 'மும்பை போலீஸ்' என்று வீடியோ காலில் மிரட்டி, ஆதார் எண்ணில் போதைப் பார்சல் பிடிபட்டதாகச் சொல்லி, நேற்றிரவு 48,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள், இன்றும் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் வேலையாக சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வழி உண்டு. ஓர் இரவு போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். யுபிஐயில் அனுப்பியிருந்தால் அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வங்கிக்கும் சொல்லுங்கள். ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது.

கோத்தகிரியில் என் பெரியம்மாவுக்கும் இதே நடந்தது. நான் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். திரையில் காக்கிச் சட்டை. "யாரிடமும் சொல்லாதே" என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கட்டிப்போட்டிருந்தது.

இப்படி வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. சட்டத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. நிஜமாகவே கைது செய்தால் வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். விசாரணைக்காகப் பணம் அனுப்பச் சொல்லும் போலீஸ் எங்கும் கிடையாது.

அவர்கள் கூப்பிடும் எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், பயந்துபோயிருப்பார். இன்றிரவு யாராவது ஒருவர் அவர்கூடப் போய்த் தங்குங்கள்.