விதிப்புத்தகம் யார் கையில்?

வணக்கம் மேடம்,

இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். எனக்கு ஸ்ட்ராட்டஜி போர்டு கேம் என்றால் உயிர். ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். மனைவிக்கு அதில் துளியும் ஈடுபாடு இல்லை. கல்யாணமான புதிதில் கட்டான் ஆடிப் பார்த்தோம். இருவர் மட்டும் ஆடியதாலோ என்னவோ, சப்பென்று போய்விட்டது. பிறகு டெராஃபார்மிங் மார்ஸ். முக்கால் மணி நேரம் பொறுமையாக எல்லா விதிகளையும் விளக்கினேன். புதியவர்களுக்கென்று தரும் கம்பெனி அட்டைகளில் சுவாரசியம் குறைவு என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு நேராக முழு ஆட்டத்துக்கே போனோம். தலைவலி என்று பாதியில் எழுந்துவிட்டாள். எதிரெதிராக ஆடுவதுதான் பிடிக்கவில்லை போல, சேர்ந்து ஆடலாம் என்று பாண்டமிக் வாங்கினேன். "எல்லாத்தையும் நீங்களேதானே ஆடறீங்க" என்றாள். இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம்!

இப்போது எளிமையானதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதுக்குப் போகும்படி ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். கடைசிப் படி ட்விலைட் ஸ்ட்ரக்கிள், பனிப்போரை வைத்து இருவர் ஆடும் நீண்ட ஆட்டம். நீங்களும் உங்கள் கணவரும் ஆடுவதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எந்தெந்த ஆட்டங்களைச் சேர்க்கலாம்? ஆரம்பத்தில் விட்டுக்கொடுத்துத் தோற்றால் ஆர்வம் வருமா? சிலருக்கு இயல்பிலேயே இந்த மாதிரி மூளை கிடையாதா, இல்லை எல்லாவற்றுக்கும் ஃபோன்தான் காரணமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஆலோசனை கேட்டிருப்பது எதிரணியிடம். எங்கள் வீட்டிலும் பெட்டிகள் கணவருடையவை. உங்கள் மனைவி உட்கார்ந்த நாற்காலியில்தான் நான் பல காலம் உட்கார்ந்திருந்தேன். கூடவே வாழ்கிறவர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொள்வது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

ஃபோனை விட்டுவிடுவோம், அது பாவம். மூளையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் கொஞ்சம் கோபம் வருகிறது. முக்கால் மணி நேரம் விதிகளைக் கேட்டுவிட்டு, அதன் பிறகும் பாதி ஆட்டம் வரை உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தா அந்தக் கேள்வி? கட்டான் பெட்டி மேலேயே மூன்று முதல் நான்கு பேர் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு பேர் ஆடிவிட்டுச் சப்பென்று போனதாக வருத்தப்படுகிறீர்கள். அந்தப் பெட்டி மேலே இருந்ததை வாசிக்காதவர் யார்?

டெராஃபார்மிங் மார்ஸுக்கு வருகிறேன். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட திட்ட அட்டைகள். ஒன்று போல இன்னொன்று இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே கையில் பத்து அட்டை வருகிறது. வேண்டியதை ஒவ்வொன்றுக்கும் ஆட்டக் காசு மூன்று கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், மற்றதை எறிந்துவிட வேண்டும். எது தேறும் எது தேறாது என்பது நாலைந்து முறை ஆடியவருக்குத்தான் தெரியும். அதாவது கடைசியில் வர வேண்டிய அறிவை முதல் நிமிடத்திலேயே கேட்கிற ஆட்டம் அது. அதை உருவாக்கியவருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் புதியவர்களுக்கென்று ஒரு கம்பெனி அட்டை வைத்து, பத்தையும் காசில்லாமல் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார். நீங்கள் அதைச் சுவாரசியம் இல்லை என்று எடுத்துவிட்டீர்கள். யாருக்குச் சுவாரசியம் இல்லை?

என் கதை கார்கசோன். கிளவுஸ்-யுர்கன் வ்ரெடே உருவாக்கி 2000இல் வந்தது, மறு வருடம் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த ஆட்டம் விருது வாங்கியது. 72 அட்டைகள். ஒன்றை எடுத்து, ஏற்கெனவே இருப்பதோடு சாலைக்குச் சாலை, கோட்டைக்குக் கோட்டை பொருந்தும்படி வைக்க வேண்டும். வேண்டுமானால் அதன் மேல் உங்கள் மர ஆள் ஒருவரை நிறுத்தலாம். அவ்வளவுதான். யாருக்கும் பிடிக்கக்கூடிய ஆட்டம். எனக்கு முதல் நாள் பிடிக்கவில்லை.

அன்று என் கணவர் விதிகளை எல்லாம் சொன்னார். எதையும் விட்டுவிடாமல் சொன்னார். அதற்கு நடுவே, "புல்வெளியில் ஆளைப் படுக்க வைக்கலாம், அதைக் கடைசியில் எண்ணுவோம்" என்பதும் இருந்தது. நான் கோட்டைகள் கட்டினேன். ஒவ்வொன்றாக மூடினேன். ஸ்கோர் பலகையில் என் ஆள் அவருடையதைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அட்டைகள் தீர்ந்தன. அப்போது அவர் நிதானமாக, நடுவில் புல்வெளியில் படுத்திருந்த தன் ஆளின் (அவருக்கு விவசாயி என்று பெயர்) பக்கம் விரலை நீட்டி, அந்தப் புல்வெளியைத் தொட்டுக்கொண்டிருக்கும் முடிந்த கோட்டைகளை எண்ண ஆரம்பித்தார். கோட்டைக்கு மூன்று பாயின்ட். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. பாதிக்கு மேல் நான் கட்டிய கோட்டைகள். அவருக்காகத்தான் அவ்வளவு நேரம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"முதல்லயே சொன்னேனே" என்றார்.

சொல்லத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலே. மற்ற எல்லா விதிகளோடும் சேர்த்து அதே குரலில், அதே வேகத்தில் சொன்னார். ஆட்டத்தையே தீர்மானிக்கிற விதி அது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இப்போது வரும் பதிப்புகளில் விவசாயியைத் துணை விதியாகத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வேறு வீடுகளிலும் இதே ரகளை நடந்திருக்கும் போல.

தோற்றதற்கு வருத்தமில்லை. ஆனால் அந்த 'ம்'மை மறக்க முடியவில்லை. நான் அட்டையைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒரு இடத்தில் வைக்கப் போவேன். அவர் மூக்கு வழியாக மெல்லிசாக ஒரு 'ம்' சொல்வார். "வேணும்னா அங்கயும் வைக்கலாம்" என்பார். கையைப் பின்னால் இழுப்பேன். "இல்ல இல்ல, உன் இஷ்டம்" என்பார். இஷ்டமாவது ஒன்றாவது. அதற்குப் பிறகு நான் எங்கே வைத்தாலும், ஒன்று அவர் சொன்னதைக் கேட்டதாக ஆகும், இல்லையென்றால் கேட்காமல் கெட்டதாக ஆகும். என் யோசனை என்று அதில் எதுவும் மிச்சமில்லை. ஸ்ட்ராட்டஜி ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற இன்பமே, தானாக யோசித்து, தானாகத் தப்பு செய்து, அந்தத் தப்பைத் தானே கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு, "உனக்கு ஏன் பிடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

யோசிப்பது பிடிக்காததால் யாரும் மேசையை விட்டு எழுந்து போவதில்லை. எல்லாம் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து, நாம் தடுமாறுவதைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதுதான் தாங்க முடியாது. பெட்டி உங்களுடையது, தேர்வு உங்களுடையது, வீடியோ பார்த்துப் பழகியது நீங்கள், விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்பும் உங்களுடையது. தேர்வெழுதப் போகிறவரும் கண்காணிப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது மாதிரி.

பாண்டமிக்கிலும் நடந்தது இதுதான், இன்னும் மோசமாக. நகரம் நகரமாகப் பரவும் நோய்களை எல்லோரும் சேர்ந்து அடக்க வேண்டும். மேட் லீகாக் 2008இல் கொண்டுவந்த அருமையான ஆட்டம், குறை ஆட்டத்தில் இல்லை. ஆனால் அதில் எல்லாத் தகவலும் மேசை மேல் திறந்து கிடக்கும். எந்த நகரத்தில் எத்தனை நோய்க் கட்டைகள், யார் எங்கே போக முடியும் என்று அனுபவசாலி ஒருவரே நான்கு பேருக்கும் கணக்குப் போட்டுவிடலாம். மற்றவர்கள் காயை நகர்த்தும் கைகள். நீங்கள் ஜெயித்தீர்கள், அவர் நகர்த்தினார். ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள்!

சேர்ந்துதான் ஆட வேண்டும் என்றால் ஹனாபி இருக்கிறது. ஆண்டுவான் பௌசா உருவாக்கியது. உங்கள் அட்டைகளை நீங்கள் பார்க்கக் கூடாது, முகம் எதிரில் இருப்பவர் பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும். அவருக்கு உங்கள் அட்டை தெரியும், உங்களுக்கு அவருடையது தெரியும். வாயைத் திறந்து நிறம் அல்லது எண் மட்டும் சொல்லலாம், ஒவ்வொரு முறை சொல்லவும் ஒரு வில்லை செலவு, இருப்பது எட்டு வில்லைகள்தான். அதில் யாரும் யாருக்காகவும் ஆட முடியாது. ஆனால் முகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் ஐந்தாம் எண் அட்டை ஒன்றே ஒன்றுதான். நான் அதைத் தெரியாமல் தூக்கி எறியப் போகும்போது என் கணவரின் புருவம் போகும் உயரத்தைப் பார்க்க வேண்டுமே. அட்டையைத் திரும்பக் கையில் வைத்துக்கொள்வேன். ஏமாற்றுதான், இருவருக்கும் தெரியும்.

சரி, எங்கள் வீட்டில் எது மாறியது என்று சொல்கிறேன். கணவர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், அவர் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த ஒரு பெட்டியை நான் பிரித்தேன். பேட்ச்வொர்க். அக்ரிகோலா என்ற ஆட்டத்தைச் செய்த ஊவே ரோசன்பெர்க்தான் இதையும் 2014இல் செய்தார், இருவருக்கென்றே செய்தது. விதிப்புத்தகத்தை நானே வாசித்தேன். ஒட்டுத்துணிகளை வட்டமாகப் பரப்பி, இரண்டு பக்கமும் நானே ஆடினேன். ஒன்பதுக்கு ஒன்பது கட்டப் பலகையில் துணிகளை அடுக்க வேண்டும். விலை பொத்தான்களில். காலியாக விட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பாயின்ட் போய்விடும். ஆடி முடித்து எண்ணினால் இரண்டு பக்கமும் மைனஸ். ஒரு ஆட்டத்தில் இரண்டு பேராகவும் இருந்து இரண்டு பேரும் மைனஸ்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் 'ம்' சொல்ல யாருமில்லை.

அதில் அழகான ஒரு விதி உண்டு. மாறி மாறி ஆடுவது கிடையாது. ஒவ்வொரு துணிக்கும் பொத்தான் விலையோடு நேர விலையும் உண்டு. காலப் பாதையில் யார் பின்னால் இருக்கிறாரோ அவர்தான் ஆட வேண்டும். நேர விலை குறைந்த துணியாக எடுத்தால் ஒருவரே அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை ஆடலாம். கணவர் வந்ததும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் பழக்க தோஷத்தில் தன் முறை என்று கையை நீட்ட, "இருங்க, உங்க டர்ன் இன்னும் வரல" என்றேன். இன்னொரு முறை நீட்டினார். அப்போதும் வரவில்லை. "இது என்ன விதி, எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். புத்தகம் என் கையில் இருந்தது. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அந்த மனிதர் விதிப்புத்தகத்தை அவ்வளவு பணிவாக வாசித்து நான் பார்த்ததில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் ஆடியிராத, வீடியோ பார்த்திராத ஒரு பெட்டி. அதை அவர் தேர்ந்தெடுக்கட்டும். அட்டைப் படம் அழகாயிருக்கிறது என்று எடுத்தால் எடுக்கட்டும். பிளாஸ்டிக் உறையை அவர் கிழிக்கட்டும், புத்தகத்தை அவர் வாசிக்கட்டும். அவர் ஒரு விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அன்றைக்கு அந்தத் தப்பு விதியோடே ஆடுங்கள். அது உங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கும், தெரியும். ரகசியமாக இணையத்தில் தேடிப் பார்க்காதீர்கள்.

விட்டுக்கொடுத்துத் தோற்பதா? கூடவே கூடாது. உடனே தெரிந்துவிடும். என் கணவர் ஒருமுறை செய்தார். பொதுவாகக் கன்னத்தில் கை வைத்து நெடுநேரம் யோசிப்பவர், அன்றைக்கு டக் டக்கென்று ஆடினார். ஆட்டத்தை அப்படியே கலைத்துப் பெட்டியில் போட்டேன். தோற்பது போல நடிப்பதும் ஒரு வகை 'ம்'தான். உங்களுக்குக் கை கொடுக்காத ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே தோற்பீர்கள்.

பெயர் சொல்லச் சொன்னீர்கள். ரைனர் க்னீட்சியாவின் லாஸ்ட் சிட்டீஸ், 1999. இரண்டு பேருக்கான அட்டை ஆட்டம். ஐந்து நிறங்களில் ஐந்து பயணங்கள். எதைத் தொடங்கினாலும் இருபது பாயின்ட் கடனோடு தொடங்க வேண்டும், சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு மட்டும்தான் போகலாம். தொடங்கவும் பயம், தொடங்காமலிருக்கவும் பயம். நாங்கள் இன்றும் அதிகம் ஆடுவது அதுதான். ஜெய்ப்பூரும் நல்லது. ஒரு சுற்று சீக்கிரம் முடியும், மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், அதனால் முதல் சுற்றில் தோற்றவரே "அடுத்தது போடுங்க" என்பார். அஸூல் கைக்கு இதமாக இருக்கும், வழவழவென்று ஓடுகள். ஆனால் இருவர் ஆடும்போது பார்ப்பதை விடப் பொல்லாதது, எதிராளிக்கு வேண்டாத ஓடுகளை அவர் தலையில் கட்டுவதுதான் பாதி ஆட்டம். உங்கள் மனைவிக்கு அந்தக் குணம் உண்டென்றால் உங்கள் பாடு திண்டாட்டம். மற்றதை நீங்களே தேடிக்கொள்வீர்கள், அதில் உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

நமக்குப் பிடித்ததை நமக்குப் பிடித்தவரோடு செய்யத் தோன்றுவது சாதாரண ஆசை இல்லை. மூன்று முறை தோற்ற பிறகும் நீங்கள் பட்டியல் போட்டு உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் பாசமும் வந்தது. ஆனால் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அதில் சேர்த்தால் லாஸ்ட் சிட்டீஸும் பேட்ச்வொர்க்கும் ஆடத் தக்க ஆட்டங்களாக இருக்காது, அவரை ஏற்றிக்கொண்டு போகும் படிகளாகத்தான் இருக்கும். படியில் நிற்பவருக்கு அது தெரிந்துவிடும். லாஸ்ட் சிட்டீஸிலேயே அவர் வருடக்கணக்கில் நின்றுவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ட்விலைட் ஸ்ட்ரக்கிளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பனிப்போர் நடத்த ஆசைப்படும் நண்பர் ஒருவர் உங்களுக்குக் கிடைக்காமலா போவார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். மனைவியை அன்றைக்கு அவர் இஷ்டத்துக்கு விடுங்கள், ஃபோன் பார்த்தாலும் சரி.

அன்புடன்.