கான்ட்ராஸ்ட்: வாசகர் கேள்வி பதில்

'கான்ட்ராஸ்ட்' என்பதை 'முரண்பாடு' என்று எழுதலாமா? (வாசகர், ஈரோடு)

எழுதாதீர்கள். சாட்சியின் வாக்குமூலத்தில் முரண்பாடு என்றால், ஒன்று உண்மையானால் மற்றது பொய். கான்ட்ராஸ்டில் அந்த மோதல் கிடையாது; பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒன்றால் மற்றது எடுத்துத் தெரிவதுதான் அது. 'வேறுபாடு' என்பதும் போதாது. மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் எத்தனையோ வேறுபாடு. ஆனால் ஒரே தட்டில் வைத்தால் இரண்டும் மஞ்சள்தான். நடுவில் நான்கு நாவல்பழம் வைத்துப் பாருங்கள், மஞ்சளும் பளிச்சென்று தெரியும், கறுப்பும் தெரியும். இதற்குப் பேச்சிலேயே 'எடுப்பு' என்ற அருமையான சொல் இருக்கிறது: 'அந்தச் சேலைக்கு இந்த ரவிக்கை எடுப்பா இருக்கு.' டிவி, செல்போன் திரைக்கு 'ஒளி மாறுபாடு' என்றால் புரியும். செய்யுளில் இருள், ஒளி என்று எதிர்ச்சொற்களைத் தொடுப்பது முரண் தொடை. அங்கே மட்டும் 'முரண்' கச்சிதம்.

காஞ்சிப் பட்டில் இரண்டு சேலை பார்த்தேன். இரண்டும் மஞ்சள் உடல், பச்சை கான்ட்ராஸ்ட் பார்டர். ஒன்று 'கோர்வை' என்று விலை அதிகம் சொல்கிறார்கள். நியாயமா? (வாசகி, திருச்சி)

உண்மையிலேயே கோர்வை என்றால் நியாயம்தான். சாதாரண நெசவில் பார்டரின் பாவு (நீளவாக்கு நூல்) மட்டும் பச்சை. ஊடை (குறுக்கு நூல்) மஞ்சளாக ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடிவிடும். அதனால் பார்டரில் பச்சையும் மஞ்சளும் கலந்து, கிளிப்பச்சை போல வெளிறிப் போகும். கோர்வையில் மூன்று நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் தறிக் கருவி): உடலுக்கு ஒன்று, இரண்டு பார்டருக்கும் தனித்தனியே ஒன்று. பார்டரில் பாவும் பச்சை, ஊடையும் பச்சை. மஞ்சள் ஊடை எல்லை வரை வந்து, பச்சை ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பும். பழைய தறியில் ஒரு பக்க நாடாவைப் போட இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் கூடுதல் விலை.

வாங்கும்போது சேலையைப் பின்பக்கம் திருப்பி, ஜரிகை இல்லாத இடத்தில் பார்டரின் குறுக்கு நூலைப் பாருங்கள். அது மஞ்சளாக இருந்தால் கோர்வை இல்லை. பிறகு எல்லைக்கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோத்த இடம் தளர்ந்திருந்தால் பொடிப்பொடி ஓட்டைகள் தெரியும். இழுத்துக் கட்டியிருந்தால் ஓரம் சுருங்கி நிற்கும். இரண்டில் எது இருந்தாலும் வேறு சேலை எடுங்கள்.

கோயில் விழா நோட்டீஸைப் பச்சைத் தாளில் சிவப்பு எழுத்தில் அடித்தோம். பெரியவர்களால் படிக்க முடியவில்லை. ஏன்? (வாசகர், தென்காசி)

நிறம் வேறாக இருந்தாலும் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு எழுத்து பிரியாது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்னும் சிரமம். இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க வகுத்த அணுகல் விதி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதமாகச் சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. வெள்ளையில் கறுப்பு 21:1. கணினித் திரையின் முழுச் சிவப்பு வெள்ளையில் 4:1 தான். அதே சிவப்பு முழுப் பச்சையில் 3:1 கூட வராது. தமிழில் முதலில் பலியாவது புள்ளி. 'கல்' என்று அடித்தது 'கல' ஆகிவிடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரியைச் செல்போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து மங்கினால் தாளை வெளிர் மஞ்சளாக்கி, மையை அடர்நீலமாக்குங்கள்.