போ பிஷெற் ஏன் போனார்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, 2025 ஒக்டோபரில் வந்து இறங்கி மார்க்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை தொடங்கியிருக்கிறீர்கள். மதிய இடைவேளையில் எல்லோரும் பேஸ்போல் வீரர் போ பிஷெற் எங்கள் புளூ ஜேய்ஸ் அணியை விட்டு நியூயோர்க் போனதைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள், வெளியே பனி கொட்டுகிறது, ஆட்டம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு எதைப் பற்றிக் கதைக்கிறார்கள், கிரிக்கெட் மட்டும் தெரிந்த எனக்கு இது ஏறுமா, பழகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறும். கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் பழகுங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் ஆட்டம் தொடங்க முன்னம், இந்தப் பனிக்காலத்திலேயே.

நீங்கள் வந்த கிழமைகளில் நகரம் முழுக்க நீலச் சட்டையாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் 1993க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடர் என்ற இறுதித் தொடருக்குப் போயிருந்தது. ஒக்டோபர் 20ஆம் திகதி சியாற்றிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், பின்தங்கியிருந்த நிலையில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்தான் (கிரிக்கெட் சிக்ஸர்போல எல்லைக்கு வெளியே பறக்கிற அடி) எங்களை அங்கே கொண்டுபோனது. பிறகு லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுடன் ஏழு ஆட்டங்கள். அதில் மூன்றாவது ஆட்டம் வழமையான ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் 18 இன்னிங்ஸ் வரை இழுத்தது. நவம்பர் 1ஆம் திகதி, கடைசி ஆட்டம், எங்கள் சொந்த மைதானத்தில். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் முன்னிலை, இன்னும் இரண்டே இரண்டு பேரை அவுட் ஆக்கினால் கிண்ணம் எங்களுக்கு. அப்போது மிகெல் ரோஹாஸ் என்ற, அதிகம் ஹோம் ரன் அடிக்காத ஒருவர் அடித்துச் சமப்படுத்தினார். 11ஆவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று தோற்றோம். உங்கள் வேலைத்தலத்தில் இருக்கிற கோபத்துக்கு அடிவேர் அந்த இரவுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் போ விஷயத்தை விளங்கிக்கொள்ள முடியாது, ஏனென்றால் அந்த ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் நட்சத்திரம் ஒஹ்தானியின் பந்தை மூன்று ஓட்டங்களுக்கு அடித்து எங்களை முன்னுக்குக் கொண்டுவந்தவரே போதான். முழங்கால் காயத்தோடு ஒன்றரை மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு, உலகத் தொடருக்காகத் திரும்பி வந்து அடித்த அடி அது.

பனிக்காலத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அறைக்குள் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை, ஓரிரு நாளில் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. நவம்பர் தொடங்கி பெப்ரவரி வரை, அணியும் வீரரின் முகவரும் தனித்தனியாகப் பேசுவார்கள், பணத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. ஒரு வரி மட்டும் உண்டு. 2026க்கு 244 மில்லியன் டொலருக்கு மேல் அணியின் மொத்தச் சம்பளம் போனால், மேலதிகத் தொகைக்கு வரி. முதல் ஆண்டு 20 வீதம், தொடர்ந்து தாண்டினால் 30, பிறகு 50, மிகப் பெரிய தொகைகளுக்கு அதற்கு மேலும் கூடும். புளூ ஜேய்ஸ் அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டிவிட்டது. அணியின் உரிமையாளர் ரொஜர்ஸ் நிறுவனம், உங்கள் கைபேசி இணைப்புக்கூட அவர்களுடையதாக இருக்கலாம். ஒரு வீரர் பெரிய லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடிக்கும்வரை அவரை அணி தன் கையில் வைத்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் அவர் யாருக்கு வேண்டுமானாலும் விளையாடலாம். போ அந்த ஆறு ஆண்டை முடித்தார்.

போ எங்கள் பிள்ளை. 2016இல் இரண்டாம் சுற்றில் தெரிவுசெய்யப்பட்டு, சின்ன லீக்குகளில் விளாடிமிர் கெரேரோ ஜூனியரோடு ஒன்றாக வளர்ந்து, 2019இல் இருவரும் சில மாத இடைவெளியில் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். 2021, 2022 இரண்டு ஆண்டும், பெரிய லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அதிக ஹிட் (அடித்துவிட்டுத் தளத்தைச் சேர்கிற அடி) அடித்தவர் அவர்தான். கடந்த ஆண்டு சராசரி .311, அதாவது ஆயிரம் முறை அடிக்க வந்தால் 311 ஹிட் என்ற கணக்கு. விளாடியோடு தொடர்ந்து விளையாட ஆசை என்று வாய்திறந்து சொன்னவர். ஜனவரியில் நியூயோர்க்கின் மெற்ஸ் அணி மூன்று ஆண்டுக்கு 126 மில்லியன் கொடுத்து எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு 42 மில்லியன். அவருக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைப்பது புதிய வீரர் தெரிவில் பின்வரிசை இடம் ஒன்று, அவ்வளவுதான்.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு மனம் நொந்தது, ஆனால் அணி செய்தது சரி. ஷோர்ட்ஸ்டொப் என்பது களத்தடுப்பில் மிகக் கஷ்டமான இடம், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று மின்னல்போல வருகிற பந்தைப் பிடித்து எறியவேண்டும். போ அந்த இடத்தில் கடந்த ஆண்டு லீக்கிலேயே பின்தங்கியவர்களில் ஒருவர். எங்கள் அணியின் அன்ட்ரேஸ் ஹிமெனெஸ் அந்த இடத்தில் நின்றால் பார்ப்பதற்கே வேறு ஆட்டம். மெற்ஸ்கூட போவை மூன்றாம் தளத்துக்குத்தான் எடுத்திருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் விலகும் உரிமை வீரருக்கு உண்டு. நன்றாக ஆடினால் போய்விடுவார், காயப்பட்டால் சம்பளத்தோடு இருப்பார். இப்படி எல்லா ஆபத்தும் அணியின் தலையில் விழுகிற ஒப்பந்தத்தை, வரியும் கட்டிக்கொண்டு, நான் எழுதிக் கொடுக்கமாட்டேன். உங்களோடு வேலைசெய்கிற அந்த இத்தாலியப் பெரியவர் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: ஹிமெனெஸின் கடந்த ஆண்டு சராசரி .210. தடுப்பில் மிச்சம் பிடிப்பதைத் துடுப்பில் விட்டுவிடலாம். இந்த இடத்தில்தான் உண்மையான விவாதம் இருக்கிறது.

பணம் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. டிலன் சீஸ் என்ற பிட்ச்சருக்கு, அதாவது பந்து எறிபவருக்கு, ஏழு ஆண்டு, 210 மில்லியன். வெளியிலிருந்து ஒருவரை எடுக்க இந்த அணி இதற்கு முன் இவ்வளவு கொடுத்ததில்லை. கடந்த ஆண்டு அவருடைய கணக்கு அழகாக இல்லை, ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.55 ஓட்டம் கொடுத்தார் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக 200க்கு மேல் ஆட்களை ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க விடாமல் எறிந்தே வெளியேற்றுவது) ஆக்கியிருக்கிறார், காயம் என்று முறையைத் தவறவிடுவது அரிது. 162 ஆட்டம் கொண்ட பருவத்தில், ஐந்து நாளுக்கொரு முறை தவறாமல் வந்து நிற்கிற ஆளின் பெறுமதி ஓகஸ்ட் மாதத்தில்தான் விளங்கும். கொரிய லீக்கில் 17 வெற்றி, ஒரே தோல்வி என்று ஆடி அங்கே சிறந்த வீரர் விருது வாங்கிய கோடி பொன்ஸை மூன்று ஆண்டுக்கு 30 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள். ஷேன் பீபர் வெளியே போய்ப் பெரிய ஒப்பந்தம் தேடியிருக்கலாம், 16 மில்லியனுக்கு இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார். 11ஆவது இன்னிங்ஸில் அந்தக் கடைசி ஹோம் ரன்னைக் கொடுத்தவர் அவர். அதே ஆள் திரும்பி வர விரும்பியது எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ரைலர் ரொஜர்ஸ், மூன்று ஆண்டு, 37 மில்லியன். கை நிலத்தை உரசுமளவுக்குக் கீழிருந்து எறிபவர். வேகம் இல்லவே இல்லை, மணிக்கு 83 மைல் அளவு, மற்றவர்கள் 97, 98 எறிகிற காலத்தில். ஆனால் அடிக்கப்படும் பந்து நிலத்தோடு உருளும், ஹிமெனெஸ் போன்றவர்களின் கைக்குப் போகும். நல்ல தடுப்புக்குப் பணம் கொடுத்திருக்கிற அணிக்கு இப்படிப்பட்ட பிட்ச்சர்தான் தேவை. நவம்பர் 1ஆம் திகதி எட்டாம், ஒன்பதாம் இன்னிங்ஸ்களில் எங்களிடம் இல்லாமல் போனது இதுதான்.

குறை எது என்றால், அடி. கைல் ரக்கருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்க முன்வந்தார்கள். அவர் நான்கு ஆண்டு, 240 மில்லியன் என்று மறுபடியும் அந்த டொட்ஜர்ஸுக்கே போய்விட்டார். ஜப்பானின் யொமியூரி ஜயன்ற்ஸ் அணியிலிருந்து கசுமா ஒகமோட்டோவை நான்கு ஆண்டு, 60 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள். அங்கே ஆறு பருவம் தொடர்ந்து 30 ஹோம் ரன்னுக்குக் குறையாமல் அடித்தவர், விலையும் நியாயம். ஆனால் இங்கத்தைய வேகத்துக்குப் பழக அவருக்குக் கொஞ்சம் காலம் வேண்டும். அன்தனி சன்ரன்டேர் 2024இல் பால்ரிமோருக்கு 44 ஹோம் ரன் அடித்தார். எங்களிடம் 92.5 மில்லியன் ஒப்பந்தத்தில் வந்து, தோள் காயத்தால் கடந்த ஆண்டு ஆறோடு நின்றார். ஸ்பிரிங்கருக்கு 36 வயது. கடந்த ஆண்டு அடித்த 32 ஹோம் ரன்னை அவர் மறுபடி அடிப்பார் என்று கணக்குப் போடுவது ஆபத்து. இன்னும் ஒரு நல்ல துடுப்பாட்டக்காரரை எடுத்திருக்கவேண்டும். இதில் நான் நிர்வாகத்தோடு உடன்படவில்லை.

அவர்கள் வெறும் கையோடு திரும்பிய பனிக்காலங்களும் உண்டு என்பதால்தான் இங்கே ஆட்கள் இவ்வளவு சூடாகப் பேசுகிறார்கள். 2023 டிசம்பரில் ஒஹ்தானி ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று ஒரு செய்தி கிளம்பி, ஆயிரக்கணக்கானோர் கைபேசியில் அந்த விமானத்தின் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியவர் கனேடிய வணிகர் ஒருவர். ஒஹ்தானி மறுநாள் டொட்ஜர்ஸை அறிவித்தார், 700 மில்லியன். அடுத்த பனிக்காலத்தில் துடுப்பாட்டக்காரர் ஹுவான் சோட்டோ மெற்ஸுக்கு, ஜப்பானிய பிட்ச்சர் ரோக்கி சசாக்கி டொட்ஜர்ஸுக்கு. சசாக்கிக்குக் கொடுக்க அனுமதிக்கப்பட்ட தொகையைக் கூட்டவேண்டும் என்று, அதற்காகவே கிளீவ்லண்டிலிருந்து மைல்ஸ் ஸ்ட்ரோவையும் அவருடைய சம்பளத்தையும் சேர்த்து வாங்கினார்கள். சசாக்கி வரவில்லை, ஸ்ட்ரோ வந்தார். அந்தப் பனிக்காலத்தில் நிர்வாகத்தைத் திட்டாத ஆள் இல்லை. 74 வெற்றியோடு பிரிவில் கடைசியாக வந்த அணி அது. அடுத்த பருவம் அதே அணி 94 வெற்றி. விளாடி 14 ஆண்டு, 500 மில்லியனுக்குக் கையெழுத்து வைத்தார். ஸ்ட்ரோவின் களத்தடுப்பு பல ஆட்டங்களில் கைகொடுத்தது. ஏப்ரலில் கீழ்மட்ட லீக்கில் எறிந்துகொண்டிருந்த ட்ரே யெசாவேஜ் என்ற பெடியன், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு, கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள், முதியவர்கள் எல்லோரும் இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1990 டிசம்பரில், மக்கள் கொண்டாடிய ரோனி பெர்னான்டஸையும் பிரெட் மக்கிரிப்பையும் சன் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டு, ரொபேர்ட்டோ அலொமாரையும் ஜோ கார்ட்டரையும் வாங்கினார்கள். 1992இலும் 1993இலும் கிண்ணம் எங்களுக்கு. 1993இன் கடைசி அடி அந்தக் கார்ட்டருடையது. எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் அடுக்குமாடிகளில் நெருக்கியடித்துக் குடியேறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த வயதுக்காரர் யாரையாவது கேட்டுப்பாருங்கள், கார்ட்டர் பெயரைச் சொன்னால் முகம் மலரும்.

இனி, பழகவேண்டுமா என்ற உங்கள் கேள்வி. இந்த நாட்டில் முதல் ஆண்டு நாங்கள் பேசுவதெல்லாம் தேவைக்காகத்தான்: நேர அட்டை, பஸ், வாடகை, கடதாசி. யாரும் எங்கள் கருத்தைக் கேட்பதில்லை. போவை வைத்திருக்கலாமா கூடாதா என்ற பேச்சில் மட்டும் மேற்பார்வையாளரும் நேற்று வந்தவரும் ஒரே மேசை. உச்சரிப்பு யாருக்கும் பொருட்டில்லை, நீங்கள் சொன்ன காரணம் சரியா என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு இந்த ஊரில் முதல் கிடைத்த நண்பர்கள் இப்படிக் கிடைத்தவர்கள்தான். கிரிக்கெட்டை விடவும் தேவையில்லை. பந்து நிலத்தில் படாமல் வருகிறது, மூன்று பேர் அவுட் என்றால் முறை மாறுகிறது, சமநிலை என்று முடிவே கிடையாது. இவ்வளவு தெரிந்தால் தொலைக்காட்சியில் ஒரு ஆட்டம் பார்க்கலாம், மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரே சொல்லித் தருவார்.

பயிற்சி ஆட்டங்கள் பெப்ரவரியில் புளோரிடாவில், டனீடன் என்ற ஊரில் தொடங்கும். அவற்றில் யார் வெல்கிறார் என்று பார்க்காதீர்கள், ஒகமோட்டோவை மூன்றாம் தளத்தில் எத்தனை நாள் நிறுத்துகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பருவம் மார்ச் கடைசியில். நேரில் பார்க்க விரும்பினால் ஏப்ரலில், வேலை நாள் இரவு ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள், மேல்தள ரிக்கெற் மலிவு. கென்னடியிலிருந்து சுரங்க ரயிலில் புளோர்-யங் போய், மாறி யூனியனில் இறங்கினால் குளிருக்குள் அதிகம் போகாமலே மூடிய நடைபாதையால் மைதானத்தின் அருகு வரை போகலாம். நாளைக்கு மதிய இடைவேளையில் அந்த இத்தாலியப் பெரியவரிடம் ஒன்று கேளுங்கள்: ஒகமோட்டோவை மூன்றாம் தளத்தில் நிறுத்தினால், கடந்த ஆண்டு அங்கே ஆடிய அடிசன் பார்ஜரை எங்கே விடுவீர்கள்? நான் வலது வெளிக்களம் என்பேன், அவருடைய எறிகை அந்த இடத்துக்கென்றே அமைந்தது. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.