ஸ்பேஸ் பாரை அழுத்தினால் வேறு ஏதோ ஓடுகிறதே, ஏன்?

கேள்வி: பூம்பாறையில் எங்கள் தோட்டத்துப் பூண்டு அறுவடையை போனில் படம் பிடித்திருக்கிறேன். மகன் லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். திறந்தால் எங்கே பார்த்தாலும் பெட்டி. ஒரே படத்துக்கு எதற்கு இரண்டு திரை? ஸ்பேஸ் பாரை அழுத்தினால் நினைத்தது ஓடாமல் வேறு ஏதோ ஓடுகிறது. நேற்று இடதுபக்கப் பெட்டியே காணாமல் போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காணாமல் போனதை முதலில் மீட்டுவிடுவோம். மேலே வொர்க்ஸ்பேஸ் என்ற மெனுவில் ‘ரீசெட் யூஐ லேஅவுட்’ என்று இருக்கும். அதைச் சொடுக்கினால் பெட்டிகளெல்லாம் முதல் நாள் இருந்த இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் வெட்டிய வேலை எதுவும் அழியாது. காணாமல் போனது, நீங்கள் கொண்டுவந்த வீடியோக்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் ‘மீடியா பூல்’ பெட்டி. அநேகமாக இடது மேல் மூலையில் அதே பெயரில் உள்ள பட்டனில் கை பட்டிருக்கும். ஒருமுறை தட்டினால் பெட்டி மறையும், மறுமுறை தட்டினால் வரும், அவ்வளவுதான்.

அடியில் மீடியா, கட், எடிட், ஃப்யூஷன் என்று வரிசையாகப் பக்கங்கள் இருக்கின்றன. இப்போதைக்கு எடிட்டும், படத்தை ஃபைலாக வெளியே எடுக்க டெலிவரும் போதும்.

சரி, இரண்டு திரைக்கு வருவோம். இடதுபக்கத் திரை நீங்கள் எடுத்துவந்த கச்சாப் படத்துக்கு. வலதுபக்கத் திரை, கீழே டைம்லைனில் நீங்கள் அடுக்கியது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க. பூண்டு பிடுங்குவதை மூன்று நிமிடம் எடுத்திருப்பீர்கள். வேண்டியது, தாளைப் பிடித்துத் தூக்கி மண்ணை உதறுகிற ஆறு விநாடிதான். மீடியா பூலில் அந்த கிளிப்பை இருமுறை சொடுக்குங்கள், இடதுபக்கத் திரையில் திறக்கும். கை தாளைத் தொடும் இடத்தில் கீபோர்டில் ஐ (I) அழுத்துங்கள், அது தொடக்கக் குறி. மண் உதிர்ந்து முடியும் இடத்தில் ஓ (O), அது முடிவுக் குறி. பிறகு எஃப்9 அழுத்தினால் அந்த ஆறு விநாடி மட்டும் டைம்லைனில் சிவப்புக் கோடு நிற்கும் இடத்தில் போய் உட்காரும். அதற்குப் பின்னால் இருப்பவை தள்ளிக்கொடுக்கும். எஃப்10 தள்ளாது, இருப்பதன் மேலேயே எழுதிவிடும். சில லேப்டாப்களில் இவற்றோடு எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஸ்பேஸ் பார் மர்மமும் இங்கேதான். கடைசியாக எந்தப் பெட்டியில் சொடுக்கினீர்களோ, கீபோர்டு அதற்குத்தான் கீழ்ப்படியும். கண் இடதுபக்கத் திரையில் இருந்தாலும், கடைசிச் சொடுக்கு டைம்லைனில் என்றால் ஓடுவது டைம்லைன்தான். ஐ, ஓ இரண்டுக்கும் இதே கதை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீடியோவில் இப்படித் தெரியாமல் டைம்லைனில் ஐ, ஓ போட்டுவிட்டேன். டெலிவர் அந்தத் துண்டை மட்டும் எழுதிக் கொடுத்தது. பெண் வீட்டாருக்குப் போனது ஒன்பது விநாடிக் கல்யாணம்! ஆல்ட், எக்ஸ் சேர்த்து அழுத்தினால் அந்தக் குறிகள் போய்விடும். ப்ரிஃபரன்சஸில் யூசர் பகுதியின் யூஐ செட்டிங்ஸில் ஃபோகஸ் இண்டிகேட்டரை இயக்கிவிட்டால், எந்தப் பெட்டி விழித்திருக்கிறது என்று ஒரு கோடு காட்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதை முதலில் செய்துவிடுவது நல்லது என்பேன்.

உங்கள் பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை எழுத்தில் போட ஆசை இருக்கும். இடது மேலே எஃபெக்ட்ஸைத் திறந்து, டைட்டில்ஸிலிருந்து ஒன்றை இழுத்து, டைம்லைனில் படத்துக்கு மேல் அடுக்கில் வையுங்கள். அதைச் சொடுக்கிவிட்டு வலது மேலே இன்ஸ்பெக்டரைத் திறந்தால் எழுத்தை மாற்றலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதன் விவரத்தைத்தான் இன்ஸ்பெக்டர் காட்டும். காலியாக இருந்தால் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், மீடியா பூல் வீடு இல்லை, விலாசம் மட்டும்தான். வீடியோ அதற்குள் வந்து உட்காருவதில்லை. மெமரி கார்டிலிருந்து நேராக இழுத்துப் போட்டுவிட்டு கார்டைக் கழற்றினால், திரை சிவந்து ‘மீடியா ஆஃப்லைன்’ என்று நிற்கும். எல்லாவற்றையும் முதலில் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்துகொள்ளுங்கள். முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவரும்போது ஃப்ரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை, மாற்றவா என்று கேட்டால் ‘சேஞ்ச்’ கொடுங்கள். கிளிப் உள்ளே வந்தபிறகு ப்ராஜெக்ட்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது.

மேகம் இறங்கிய காலையில் எடுத்ததும் உச்சி வெயிலில் எடுத்ததும் அடுத்தடுத்து வந்தால் கண்ணை உறுத்தும். அதற்குக் கலர் பக்கம் இருக்கிறது. வெட்டி முடிக்கும்வரை அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.