காத்திருக்கச் சொல்வது யாரை?

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவான மிண்டனாவோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாற்பது வருடப் போர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகள். அதற்குப் பிறகு பிலிப்பைன்ஸ் அரசும், மோரோக்கள் எனப்படும் அங்குள்ள முஸ்லிம்களின் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் கையெழுத்துப் போட்டு, ஒரு தன்னாட்சிப் பகுதியே வந்துவிட்டது. பழங்குடிகளுக்கான தனிச் சட்டம் அங்கே 1997-லேயே இருக்கிறது. நீங்களோ தெடுராய் என்ற சிறு மலைச்சமூகத்துக்கு நிலப் பட்டா வராததைச் சொல்லி ‘பாதி சமாதானம்’ என்கிறீர்கள். பெரிய பிரச்சினை தீர்ந்தால் சிறியது தானாகத் தீராதா? கொஞ்சம் பொறுத்தால் என்ன? அப்புறம் இன்னொன்று. நாட்டின் வடக்கே உள்ள கோர்டில்லெரா மலைநாட்டுக்கும் அரசியல் சட்டத்தில் தன்னாட்சி உண்டாமே, அது என்ன ஆயிற்று?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

2014 மார்ச் ஒப்பந்தத்தை நான் மட்டம் தட்டவில்லை. மறு வருடம் ஜனவரியில் மிண்டனாவோவின் மாமசபானோவில், முன்னணிப் போராளிகளும் இருந்த மோதலில் அரசின் சிறப்புக் காவல்படையினர் 44 பேர் செத்தார்கள். மணிலாவில் அன்று இருந்த கொதிப்புக்கு எல்லாமே கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழவில்லை. 2018-ல் பாங்சமோரோ அமைப்புச் சட்டம் வந்தது, 2019-ல் வாக்கெடுப்பு நடந்து பாங்சமோரோ என்ற அந்தத் தன்னாட்சிப் பகுதி உருவானது. இரண்டு தரப்பும் நிறைய விட்டுக்கொடுத்துத்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் ‘கொஞ்சம் பொறுத்தால் என்ன’ என்பதை ஏற்க முடியவில்லை. பொறுத்திருக்கிற காலத்தில் நிலம் கைமாறிக்கொண்டே இருக்கும். இது பிலிப்பைன்ஸ் பழங்குடிகள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

ஸ்பானியர் விட்டுப்போன கொள்கைப்படி, யார் பெயரிலும் பத்திரம் இல்லாத நிலமெல்லாம் அரசுடையது. மலையில் யாரிடம் பத்திரம் இருக்கும்? 1975-ல் அதிபர் மார்க்கோஸ் போட்ட வன ஆணை இன்னும் ஒரு படி மேலே போனது. 18 சதவீதமும் அதற்கு மேலும் சரிவுள்ள நிலத்தை யாருக்கும் பட்டா போட முடியாது என்றது. மலையில் பிறந்தவர் அத்தனை பேரும் ஒரே கையெழுத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

இத்தனைக்கும் 1909-லேயே ஒரு தீர்ப்பு உண்டு. வடக்கு மலைநகரான பாகியோ பக்கத்து இபலோய் இனத்தவர் மத்தேயோ கரின்யோ. 146 ஹெக்டேர் நிலம். பாட்டன் மாடு அடைக்க வேலி போட்டது, அப்பா பயிர் வைத்தது, இவ்வளவுதான் அவர் கையில் இருந்த ஆதாரம். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் கையில் இருந்ததால் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்: மனித நினைவு எட்டும் காலம் முதல் ஒருவர் குடும்பம் தன்னுடையதென்று ஆண்டுவந்த நிலம், ஸ்பானியர் வரும் முன்பிருந்தே அப்படித்தான் இருந்தது என்று கொள்ள வேண்டும், அது ஒருநாளும் அரசு நிலமாக இருந்ததில்லை. தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது, அதிகாரிகள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள்.

நீங்கள் சொல்லும் 1997 சட்டம் அந்தத் தீர்ப்பின் வாரிசு. எவையெல்லாம் ஆதாரமாகச் செல்லும் என்று அது போடும் பட்டியலை வாய்ப்பிருந்தால் படித்துப் பாருங்கள். பெரியவர்களின் வாக்குமூலம், வம்சாவளி, இடுகாடு, பழைய ஊர் இருந்த இடம், எல்லை குறித்து அண்டைச் சமூகத்தோடு செய்த உடன்படிக்கை, ஆற்றுக்கும் மலைக்கும் அந்த மொழியில் உள்ள பெயர்கள். தாசில்தார் முத்திரை இல்லாத இதையெல்லாம் ஒரு அரசாங்கம் சாட்சியாக ஏற்றது சாதாரண விஷயமில்லை. இதை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரே வழக்குப் போட்டார். 2000 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஏழு என்று பிரிந்து நின்றது. சமநிலை என்பதால் மனு தள்ளுபடி, சட்டம் பிழைத்தது. மயிரிழைதான்.

இப்போது தெடுராய்களுக்கு வருகிறேன். 2022-ல் இரண்டாகப் பிரிந்த பழைய மகுயிண்டனாவோ மாகாணத்தின் மேற்குப் பக்கத்து மலைகள் அவர்களுடையவை. முஸ்லிம்கள் அல்லர், பெருவாரியாக வந்து குடியேறிய கிறிஸ்தவர்களும் அல்லர். 1997 சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையத்துக்குப் பாங்சமோரோவுக்கு முன்பிருந்த பழைய முஸ்லிம் தன்னாட்சிப் பகுதிக்குள் அலுவலகமே இருந்ததில்லை. நாடெங்கும் மற்ற சமூகங்களுக்குப் பட்டா கிடைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் கேட்ட தெடுராய், லம்பாங்கியன் மக்களின் விண்ணப்பம் நகரவில்லை. புதிய பாங்சமோரோ வந்தபின்தான் அளவை வேலை கொஞ்சம் அசைந்தது. உடனே, 2019 செப்டம்பரில், இடைக்கால நாடாளுமன்றம் 38-ஆம் தீர்மானம் போட்டது: எங்கள் பகுதியில் தேசிய ஆணையம் எல்லை அளப்பதை நிறுத்த வேண்டும்.

மோரோ தரப்பு வாதத்தை முழுக்கத் தள்ள மாட்டேன். தன்னாட்சி என்று கொடுத்துவிட்டு, நிலத்தை மட்டும் மணிலாவின் ஆணையம் வந்து பங்கு போட்டால் அது என்ன தன்னாட்சி? மோரோக்களும் பூர்வகுடிகள்தானே என்கிறார்கள். நியாயமான கேள்விகள். அப்படியானால் அந்தப் பட்டாவை அவர்களே கொடுத்திருக்கலாம். அமைப்புச் சட்டம் மோரோ அல்லாத பழங்குடிகளின் பூர்வ நில உரிமையை எழுத்தில் ஏற்கத்தான் செய்கிறது.

வாக்குவாதத்தில் அடிக்கடி ஒரு பழங்கதை வந்து நிற்கும். தபுனவாய், மமாலு என்று இரண்டு சகோதரர்கள். ஷரீஃப் கபுங்சுவான் என்ற மதபோதகர் இஸ்லாத்தைக் கொண்டுவந்தபோது தபுனவாய் ஏற்றான். மமாலு ஏற்காமல் மலைக்குப் போனான். நாம் ஒரே இரத்தம், நமக்குள் எதற்குத் தனி எல்லை என்கிறது ஒரு தரப்பு. பிரியும்போதே அவரவர் இடத்தை அவரவர் மதிப்பதென்று பேசித்தான் பிரிந்தார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. சொத்து வழக்கில் அண்ணன் தம்பி பாசம் எந்த ஊரில் எடுபட்டிருக்கிறது?

நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தப்படி சுமார் 40,000 போராளிகள் கட்டம் கட்டமாக ஆயுதம் கீழே வைக்க வேண்டும், முன்னணியின் ஆறு முகாம்கள் விளைநிலமும் வீடுமுள்ள ஊர்களாக மாற வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் அவற்றில் ஒன்றான ஓமர் முகாம், தெடுராய்கள் புனிதமாகக் கருதும் ஃபிரிஸ் மலைப் பக்கம் இருக்கிறது. துப்பாக்கியை வைத்துவிட்டு வருகிறவருக்கு நிலம் வேண்டும். பட்டா இல்லாத நிலம்தான் முதலில் கண்ணில் படும். பெரிய பிரச்சினையின் தீர்வே சிறிய பிரச்சினையை வளர்க்கிறது. தானாகத் தீரும் என்று நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

நாடாளுமன்றத்தில் மோரோ அல்லாத பழங்குடிகளுக்கென்று 80 இடங்களில் இரண்டு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பழங்குடி விவகார அமைச்சகம் உண்டு, தெடுராய் ஒருவரே அமைச்சராக இருந்திருக்கிறார். பேச்சுவார்த்தைக் காலத்திலும் அவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். ஆனால் ஆயுதம் வைத்திருந்த இருவர்தான் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். தெடுராய்கள் படை திரட்டாமல் சட்டத்தை நம்பி விண்ணப்பம் போட்டவர்கள். அவர்களையே இன்னும் பொறுக்கச் சொன்னால், பக்கத்து மலையில் இருக்கிற இளைஞன் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்?

கோர்டில்லெரா கதை சுருக்கமாக. 1987 அரசியல் சட்டம் முஸ்லிம் மிண்டனாவோ, கோர்டில்லெரா இரண்டுக்கும் தன்னாட்சி என்றது. அதற்கு முந்தைய வருடம் டாட்டா மலையில் அதிபர் கோரி அக்கினோவும், பாதிரியாராக இருந்து கெரில்லாவான கொன்ராடோ பல்வெக்கும் சந்தித்தார்கள். மலை வழக்கப்படி பரிமாற்றம் நடந்தது: பல்வெக் ஈட்டி, கேடயம், தலைவெட்டும் கோடரி கொடுத்தார், அதிபர் பைபிள், ஜெபமாலை, ஒரு துப்பாக்கி கொடுத்தார். படங்களுக்கு அருமையான காட்சி. பிறகு சட்டம் எழுதி 1990-ல் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். இஃபுகாவ் மாகாணம் மட்டும் சரி என்றது. ஒற்றை மாகாணம் ஒரு தன்னாட்சிப் பகுதி ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1998-ல் திருத்திய சட்டத்தோடு மறுபடி கேட்டார்கள். அந்தத் தடவை அபாயாவ் மட்டும் சரி என்றது. சிகோ ஆற்று அணைகளை எதிர்த்து, 1980-ல் தங்கள் தலைவர் மக்லீயிங் டுலாக்கை ராணுவத்தின் குண்டுக்குப் பறிகொடுத்து, கடைசியில் அந்த அணைகளை நிறுத்தியும் காட்டிய கலிங்கா, 1990-ல் அபாயாவோடு சேர்ந்த ஒரே மாகாணமாகவும் 1998-ல் தனி மாகாணமாகவும், இரண்டு தடவையும் வேண்டாம் என்றே சொன்னது.