நகர மையத்தில் நடப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அலுவல் நிமித்தமாகப் புதிய நகரங்களுக்குச் செல்லும்போது அரை நாள் ஓய்வு கிடைப்பதுண்டு. வாடகை வண்டி பிடித்து நான்கைந்து இடங்களைப் பார்ப்பதா, நகர மையத்தில் நடப்பதா? நடப்பதானால் எவ்வளவு தூரம் திட்டமிடலாம்?

பதில்: அரை நாள்தான் என்றால் நடப்பதையே பரிந்துரைப்பேன், வண்டியில் போனால் அந்த அரை நாளில் பெரும்பகுதி போக்குவரத்து நெரிசலுக்கே போய்விடும். ஒருவர் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் நடக்கிறார். இதை வைத்து, நான்கு மணி நேரத்தில் 20 கிலோமீட்டர் நடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். நகர மையத்தில் சிக்னலிலும் கடை வாசலிலும் வழி விசாரிப்பதிலும் பாதி நேரம் நின்றேதான் கழியும், அந்த நிற்றலுக்காகத்தானே நடக்கிறோம்! நீளத்திலும் அகலத்திலும் 1 கிலோமீட்டர் அளவுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் போதும். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1962-ஆம் ஆண்டு மோட்டார் வாகனங்களை விலக்கி நடப்பவர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஸ்ட்ரோகெட் வீதியின் நீளம் 1 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். கால் மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய வீதிதான். ஆனால் அங்கே போகிறவர்கள் அதைக் கடப்பதற்காகப் போவதில்லை.

போன வழியிலேயே திரும்பாமல், இணையாகச் செல்லும் வேறொரு தெரு வழியாக வாருங்கள். வரைபடத்தைப் புறப்படும் முன்பே பார்த்து, தொலைவிலிருந்து தெரியும் இரண்டு அடையாளங்களை மனத்தில் இருத்திக்கொண்டால், கைபேசியைப் பையிலேயே வைத்திருக்கலாம்.

கேள்வி: ஒரே அளவு தூரம்தான், ஆனால் சில தெருக்களில் நடந்ததே தெரிவதில்லை, சில தெருக்களில் பத்து நிமிடத்திலேயே சலிப்பும் களைப்பும் வந்துவிடுகின்றன. இது மனப் பிரமையா?

பதில்: பிரமை அன்று, தெருவின் அமைப்பிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் கெல், தெருக்களைத் தரம் பிரிக்க 100 மீட்டருக்கு எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதை ஓர் அளவுகோலாகக் கொண்டார். 15 முதல் 20 வாசல்கள் உள்ள தெரு முதல் தரம். வாசலே இல்லாததும், ஒன்றிரண்டு மட்டும் உள்ளதும் கடைசித் தரம். நாம் 100 மீட்டரை ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடத்தில் நடந்துவிடுகிறோம் என்பதால், முதல் தரத் தெருவில் நாலைந்து நொடிக்கொரு முறை கண்ணுக்குப் புதிதாக ஒன்று கிடைக்கிறது. வாகன நிறுத்துமிடத்தின் நீண்ட சுவரை ஒட்டி நடக்கும்போது கண்ணுக்கு வேலையே இல்லை. அப்போதுதான் கவனம் முழுவதும் காலின் மீது திரும்புகிறது.

இன்னொரு காரணம், குறுக்குத் தெருக்களின் இடைவெளி. நகரத் தெருக்கள் அடிக்கடி திரும்பும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே வாதிட்டார். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தில் இரு குறுக்குத் தெருக்களுக்கு இடையே ஏறத்தாழ 60 மீட்டர்தான். சால்ட் லேக் சிட்டியில் அதுவே ஏறத்தாழ 200 மீட்டர். முன்னதில் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த முனை வந்து, போவதா திரும்புவதா என்று கேட்கிறது. பின்னதில் ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே, வரைபடத்தில் தெருக்கோடுகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது நகரின் பழைய பகுதியாக இருக்கும்.

கேள்வி: நடக்கும் வழியில் நல்ல உணவகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் உள்ள நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா?

பதில்: மதிப்பீடுகள் மோசமான இடங்களைத் தவிர்க்க உதவும், நல்ல இடத்தைக் காட்டும் என்று அவற்றை முழுதாக நம்ப முடியாது. பயணிகள் குவியும் சதுக்கத்தில் கடை வாடகை அதிகம். அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள், மறுநாள் வந்து குறை சொல்லப் போகிறவர்கள் அல்லர். ஒன்றிரண்டு தெரு தள்ளியிருக்கும் உணவகமோ அக்கம்பக்கத்து அலுவலகங்களையும் கடைகளையும் நம்பியே நடப்பதால், தினமும் வருகிறவர்களின் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டாக வேண்டும். எனவே சதுக்கத்தை விட்டு நான்கைந்து நிமிடம் நடந்த பிறகே உணவகம் தேடத் தொடங்குங்கள். வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவர் இருந்தால் கடந்து போய்விடலாம். பட்டியல் ஒரே பக்கத்தில் முடிந்தால் நல்ல அறிகுறி. நூறு வகைகளையும் அன்றன்று புதிதாகச் சமைக்கும் சமையலறை அரிது.

கூட்டம் உள்ள கடையைத் தேடச் சொல்வதற்குச் சுவையைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சமைத்தது உடனுக்குடன் விற்றுப்போகும் இடத்தில் இந்த விதி இயல்பாகவே நிறைவேறிவிடுகிறது. நீங்கள் மட்டும் உச்ச நேரம் சற்றுத் தணிந்த பிறகு உள்ளே போனால், பரிமாறுபவர் நின்று பதில் சொல்வார். இன்று எது நன்றாக வந்திருக்கிறது என்று கேட்கவும் முடியும். உணவை நடையின் முடிவில் வைக்காமல் நடுவில் வைப்பதும் நல்லது. பசி முற்றிய பிறகு தேடினால் முதலில் கண்ணில் படும் இடத்தில்தான் உட்காருவோம்.

கேள்வி: நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். மாலை வேளையில் நகர மையத்தில் நடக்கலாமா?

பதில்: ஊருக்கு ஊர் நிலைமை மாறும் என்பதால், தங்கும் விடுதியின் வரவேற்பறையில் இருக்கும் பெண் ஊழியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகப் பார்க்க வேண்டியது ஒன்று: அந்தத் தெருவில் வெவ்வேறு நேரத்தில் மூடும் கடைகளும், மாடியில் குடியிருப்புகளும் கலந்திருக்கின்றனவா? அலுவலகங்கள் மட்டுமே உள்ள பகுதி பகலில் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும், வேலை நேரம் முடிந்ததும் ஒரேயடியாக வெறிச்சோடிவிடும். பகலில் நடந்து பார்த்த தெருக்களிலேயே மாலையிலும் நடப்பது உத்தமம்.

கேள்வி: மூட்டுவலி உள்ள என் தந்தையையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவரால் முடியுமா?

பதில்: மருத்துவர் நடக்கத் தடை சொல்லவில்லையென்றால் முடியும், ஆனால் பாதையைத் தூரத்தை வைத்து வகுக்காமல், உட்கார இடம் எங்கெங்கே இருக்கிறது என்பதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் சதுக்கங்களை 1970-களில் கூர்ந்து கவனித்த வில்லியம் வைட், உட்கார வசதி இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று கண்டறிந்தார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இருக்கையே இல்லாத சதுக்கங்களைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. சாலையைக் கடக்கும்போதும் கவனம் தேவை: பல நாடுகளில் சிக்னலில் சாலையைக் கடக்கத் தரும் நேரத்தை, நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நடப்பவர்களுக்கென்றே கணக்கிடுகிறார்கள். உங்கள் தந்தையின் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால், பாதியில் எரிந்துகொண்டிருக்கும் பச்சையை நம்பி இறங்காமல் அடுத்த முறை அது தொடங்கும்வரை காத்திருங்கள். வழியில் உள்ள நூலகம், அருங்காட்சியகம், ரயில் நிலையம் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.