144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே நிற்கிறதா? பின்பக்கம் எட்டிப் பாருங்கள்

நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் (அதுதான் 144 ஹெர்ட்ஸ்) 27 அங்குல 1440பி, அதாவது 2560×1440 புள்ளிகள் கொண்ட மானிட்டர் வாங்கியும் விண்டோஸில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்டவில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கணினி கேபினட்டின் பின்பக்கம். மேலே யுஎஸ்பி, ஆடியோ துளைகளோடு சேர்ந்திருப்பது மதர்போர்டின், அதாவது கணினியின் முதன்மைப் பலகையின், எச்டிஎம்ஐ போர்ட். கீழே தனியாக மூன்று நான்கு போர்ட்டுகள் படுக்கைவசத்தில் வரிசையாக இருக்கிறதே, அதுதான் திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு. கேபிள் அதில்தான் போக வேண்டும். நானே ஒருமுறை மேலே செருகிவிட்டு இரண்டு நாள் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கேபிள்தான். பழைய டிவியில் இருந்து கழற்றிய எச்டிஎம்ஐ என்கிறீர்கள். மானிட்டரில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட் 1.4 பதிப்பு என்றால் 1440பி-யில் 144 ஏறவே ஏறாது, 2.0 வேண்டும். அந்தத் தலைவலியே வேண்டாம், கார்டிலும் மானிட்டரிலும் உள்ள இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாறிவிடுங்கள். அதன் 1.2 பதிப்பே இதைத் தாங்கும். மானிட்டர் பெட்டியில் தெர்மோகோலுக்கு அடியில் அதற்கான ஒரு கேபிள் கிடக்கலாம், தேடிப் பாருங்கள். கழற்றும்போது மட்டும் தலைப்பகுதியில் உள்ள பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுங்கள். கொக்கி மாட்டியிருக்கும், பலம் காட்டினால் போர்ட் போய்விடும்.

அப்புறம், கேபிளை மாற்றினாலும் விண்டோஸ் பல நேரம் 60-லேயே உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் நீங்கள்தான் 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே அந்த எண்ணே இல்லையென்றால் கார்டின் மாடலைச் சொல்லுங்கள், பார்ப்போம்.